மூக்கின் மேட்டைச் செதுக்கும் முன் அந்த அடைப்பைப் பார்ப்போம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 24. பக்கவாட்டில் பார்த்தால் என் மூக்கின் நடுவில் ஒரு மேடு தெரிகிறது. நுனியும் கொஞ்சம் கீழே இறங்கினாற்போல இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் முகத்தில் மூக்கு மட்டும்தான் தெரிகிறது. பள்ளியில் படிக்கும்போது பந்து பட்டதிலிருந்து வலது பக்கம் எப்போதும் கொஞ்சம் அடைத்தே இருக்கும், அது பழகிவிட்டது. இன்னும் மூன்று மாதத்தில் அக்காவுக்குத் திருமணம். அதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ள முடியுமா? கத்தி வைக்காமல் ஊசியிலேயே சரிசெய்யலாம் என்கிறார்களே, அது நல்லதா? ரொம்ப வலிக்குமா? தழும்பு தெரியுமா? வாசனை, குரல் எல்லாம் மாறிவிடுமா? பிடிக்காமல் போனால் பழையபடி ஆக்க முடியுமா? நான் கண்ணாடி போடுகிறேன், அதற்கு என்ன செய்வது? அம்மாவோ ‘இருக்கிற மூக்குக்கு என்ன குறை’ என்று கோபப்படுகிறார்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இத்தனை கேள்விகளுக்கு நடுவில், நீங்கள் கேள்வியாகவே எழுதாத ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வலது பக்கம் எப்போதும் அடைத்திருக்கிறது, பழகிவிட்டது என்கிறீர்கள். அழகுக்காக வருகிறவர்கள் மூச்சைப் பற்றி இப்படித்தான் போகிறபோக்கில் சொல்வார்கள். சிலர் சொல்வதே இல்லை, நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூக்கில் மேலே மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே நுனிவரை குருத்தெலும்பு. உள்ளே இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. பேச்சுவழக்கில் மூக்குத் தண்டு என்கிறோமே, அதுதான். அதன் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. சிறு வயதில் பட்ட அடியில் இந்தச் சுவர் ஒரு பக்கமாக வளைந்துவிடுவது உண்டு. வளர வளர வளைவும் சேர்ந்து வளரும். வெளியே தெரிகிற மேட்டுக்கும்கூட அதே அடி ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் மூக்கின் நடுப்பகுதி. பக்கவாட்டுக் குருத்தெலும்பு நடுச்சுவரோடு சேரும் இடத்தில் ஒரு குறுகிய இடுக்கு இருக்கிறது. அதன் கோணம் சாதாரணமாக 10 முதல் 15 டிகிரிதான். மூக்கின் வழியே போகிற காற்றுக்கு அதுதான் வாசல். அது கொஞ்சம் குறுகினாலும் காற்று வெகுவாகக் குறையும். நீங்கள் எடுக்கச் சொல்லும் மேடு இந்த வாசலின் கூரைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மேட்டை மட்டும் சீவி எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் தாங்கல் கொடுக்காமல் விட்டால், பக்கச் சுவர்கள் மெல்ல உள்ளே சரியும். முதல் வருடம் பார்க்க அழகாகவே இருக்கும். பிறகுதான் மூக்கின் நடுவில் இரு பக்கமும் ஒரு பள்ளம், நிழல் போலத் தெரிய ஆரம்பிக்கும். மூச்சும் முன்னைவிட மோசமாகும். பழைய காலத்தில் செய்த பல மூக்குகளில் இதைப் பார்க்கலாம். இப்போது மேட்டை எடுத்த இடத்தில் இரு பக்கமும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை வைத்துத் தைத்துத் தாங்கல் கொடுப்போம். அல்லது அங்கேயே இருக்கிற குருத்தெலும்பை உள்ளே மடித்துத் தைப்போம்.

அந்தப் பட்டைக்குக் குருத்தெலும்பு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நடுச்சுவரிலிருந்துதான். வளைந்த பகுதியை நேராக்கும்போது வெளியே எடுக்கிற துண்டே தாங்கலுக்குப் பயன்படும். ஆகவே உங்களுக்கு ஆபரேஷன் என்று முடிவானால், அடைப்பையும் மேட்டையும் ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். முதலில் அழகு, மூச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தால், இரண்டாவது முறை உள்ளே போகும்போது எல்லாம் தழும்பாக இருக்கும், எடுப்பதற்குக் குருத்தெலும்பும் போதாது. காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ கடன் வாங்க வேண்டி வரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எல்லா அடைப்பும் வளைவினால் வருவதில்லை. நம் மூக்கு சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் கொஞ்சம் அடைத்து மறுபக்கம் திறப்பது இயல்பான விஷயம். அடைப்பு பக்கம் மாறி மாறி வந்தாலோ, கூடவே தும்மலும் நமைச்சலும் நீர் ஒழுகுவதும் இருந்தாலோ, அலர்ஜி இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஸ்பிரேயும் மருந்தும்தான், ஆபரேஷன் செய்து தும்மலை நிறுத்த முடியாது. உங்களுக்கு எப்போதும் வலது பக்கமே என்பதால் வளைவின் மேல்தான் என் சந்தேகம். உள்ளே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

சரி, அடுத்தது செல்ஃபி. அதை வைத்து உங்கள் மூக்கை எடை போடாதீர்கள். கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கும்போது, முகத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் எதுவோ அது பெரிதாகத் தெரியும். முகத்தில் அப்படி நீட்டிக்கொண்டிருப்பது மூக்குதான். இதைக் கணக்கிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 30 சென்டிமீட்டரில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது என்று அதில் சொன்னார்கள். ஆகவே வேறு யாரையாவது ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும், சிரிக்காமலும் சிரித்தும் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிரிக்கும்போது மட்டும் நுனி இறங்குகிறதா என்பதும் அதில் தெரியும். சிலருக்கு மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற ஒரு சிறு தசைதான் நுனியைக் கீழே இழுக்கும்.

அந்தப் பக்கவாட்டுப் படத்தில் மோவாயையும் பாருங்கள். மோவாய் உள்வாங்கியிருந்தால் சாதாரண மூக்கும் பெரிதாகத் தெரியும். மூக்கைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் மோவாயைப் பற்றிப் பேசினால் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எந்த மூக்கு கிடைக்கும் என்பதை நம் ஆசையைவிட உங்கள் தோல்தான் அதிகம் தீர்மானிக்கும். தடித்த கம்பளியை நாற்காலி மேல் போர்த்தினால் கீழே இருக்கிற முனைகள் தெரியாதல்லவா? தடித்த தோல் உள்ளவர்களுக்கு நுனியில் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும் வெளியே முழுசாகத் தெரியாது. மெல்லிய தோலில் அதற்கு நேர்மாறு, உள்ளே இருக்கிற சிறு மேடுபள்ளமும் காட்டிக்கொடுத்துவிடும். பிரபலமான ஒருவரின் படத்தை நீட்டி ‘இதே மாதிரி’ என்று கேட்பவர்களிடம் நான் அந்தப் படத்தை வாங்கிப் பார்ப்பேன். அவர் எதை விரும்புகிறார் என்று அது எனக்குச் சொல்லும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் உங்கள் முகத்தையே மாற்றிக் காட்டுகிற படமும் அப்படித்தான். அதைப் பேசிப் புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நுனியைத் தூக்கும் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. மேலுதட்டுக்கும் மூக்கின் அடிக்கும் நடுவே உள்ள கோணம் பெண்களுக்கு 95 முதல் 110 டிகிரி வரை இருந்தால் இயல்பாகத் தெரியும் என்பார்கள். அதைத் தாண்டித் தூக்கினால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் மூக்குத் துளைதான் தெரியும்.

இப்போது ஊசி. ஃபில்லர் என்கிற ஜெல்லைத் தோலுக்கு அடியில் நிரப்புவது அது. பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலம். மேட்டுக்கு மேலேயும் கீழேயும் நிரப்பி, கோட்டை நேராகக் காட்டுவார்கள். அதாவது மூக்கை அது சிறிதாக்காது, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் மேட்டை மறைக்கும். சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடத்துக்குள் கரைந்துவிடும். உங்கள் அடைப்புக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

எனக்குக் கவலை அதுவல்ல. ‘ஊசிதானே’ என்று நினைப்பதுதான் கவலை. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகிற ரத்தக் குழாயோடு இணைந்திருக்கின்றன. ஜெல் தவறி ஒரு குழாய்க்குள் போய்விட்டால் மூக்குத் தோல் கருகிப்போகலாம். கண்ணுக்குப் போய் அடைத்தால் பார்வையே போகலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் முகத்தில் ஃபில்லர் போடுவதற்கு அதிக ஆபத்துள்ள இடங்களில் மூக்கும் ஒன்று. போன பார்வை திரும்புவது அபூர்வம். ஹயலுரானிக் ஜெல்லைக் கரைக்கிற எதிர்மருந்து உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது எப்படிப் போடுவது என்று தெரிந்த மருத்துவர் அல்லாத யாரிடமும் மூக்கைக் கொடுக்காதீர்கள், அழகு நிலையம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊசி போட்டதும் கடுமையான வலி, தோல் வெளுப்பது அல்லது திட்டுத்திட்டாக நீலம் பாய்வது, பார்வை மங்குவது என்று எது வந்தாலும் அது அவசர சிகிச்சைக்கு உரியது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உங்களுக்கு ஊசி வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே எப்போதாவது போட்டிருந்தால் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். மூக்கில் மாட்டும் கிளிப், மசாஜ், பயிற்சி எல்லாம் எலும்பையோ குருத்தெலும்பையோ மாற்றாது. அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

மூன்று மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆபரேஷன் முடிந்ததும் மூக்கின்மேல் ஒரு கட்டு இருக்கும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்பார்கள். எலும்பை நகர்த்தியிருந்தால் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருக்கும். அது மறைய 10 முதல் 14 நாள். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் மேசை வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு மாதத்தில் வீக்கத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். மிச்சம் இருக்கிற வீக்கம் இருக்கிறதே, அதுதான் பொறுமையைச் சோதிக்கும். நுனியில் அது முழுசாக வடிய ஒரு வருடம் ஆகும், தடித்த தோல் என்றால் அதற்கு மேலும் ஆகலாம். காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் தெரியும். கட்டு எடுத்த அன்று கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுபவர்கள் உண்டு. உப்பிப்போய், நுனி தேவைக்கு மேல் தூக்கி நிற்கும், சொன்னதை விட்டுவிட்டு வேறு ஏதோ செய்துவிட்டார்கள் என்று தோன்றும். இரண்டாவது வாரத்தில் காரணமில்லாமல் மனம் சோர்வதும் சகஜம்.

ஆகவே கணக்குப்படி முடியும் என்றாலும், அக்காவின் திருமணத்துக்கு முன் வேண்டாம் என்பேன். நீங்கள் இன்னும் ஒரு சர்ஜனைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து, பரிசோதித்து, வேண்டுமானால் இன்னொருவரிடமும் கேட்டு, யோசித்து, அதன்பின் தேதி குறித்தால் திருமணத்துக்கு ஓரிரு மாதம்தான் மிஞ்சும். காய்ச்சலோ கிருமித் தொற்றோ வந்தால் அந்த இடைவெளியும் போய்விடும். தவிர, காலம் முழுக்கப் பார்க்கப்போகிற படங்களில் பாதி வீங்கிய மூக்கோடு நிற்பானேன்? திருமணம் முடிந்து, இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருக்கத் தோதான சமயமாகப் பாருங்கள்.

வலியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் வலி மாத்திரைக்கு அடங்கிவிடும். அவஸ்தை என்று சொன்னால் அடைப்புதான். முதல் வாரம் வாயால்தான் மூச்சு, தொண்டை வறளும், தூக்கம் சரியாக வராது. ஆபரேஷன் பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடக்கும், ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம்வரை ஆகலாம். உள்ளே பஞ்சு அடைப்பது இப்போது எல்லோருக்கும் கிடையாது. நடுச்சுவரில் வேலை செய்திருந்தால் மெல்லிய தகடு ஒன்றைச் சில நாள் வைப்பார்கள். தழும்புக்கு வருவோம். துளைக்குள்ளேயே வெட்டிச் செய்யும் முறையில் வெளியே தழும்பே இருக்காது. திறந்த முறையில் இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள தோல் பட்டையில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு வரும். சில மாதத்தில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வளைவும் மேடும் நுனியும் சேர்ந்த உங்கள் மாதிரி மூக்குக்குப் பல சர்ஜன்கள் திறந்த முறையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துச் செய்யலாம் என்பதால் நானும் அதையே விரும்புவேன். ஆனால் எந்த முறை என்பது அவர் கைப்பழக்கம். அதை நீங்கள் முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். அல்ட்ராசானிக் கருவி, அது இது என்று விளம்பரங்களில் வருகிற பெயர்களுக்கும் இதே பதில்தான்.

வாசனை சில வாரம் மந்தமாக இருந்துவிட்டுத் திரும்பிவிடும், நிரந்தரமாகப் போவது மிக அரிது. குரல் பெரும்பாலும் மாறாது. அடைப்பு இருக்கிற நாட்களில் ஜலதோஷம் பிடித்தது மாதிரிப் பேசுவீர்கள். மூக்கு நுனியும் சில சமயம் மேல் முன்பற்களும் சில மாதம் மரத்தாற்போல இருக்கும். பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

பிடிக்காமல் போனால் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. எடுத்த எலும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, வேறு இடத்திலிருந்து எடுத்து நிரப்பித் திருத்தத்தான் முடியும். மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் 100-க்கு 5 முதல் 15 பேர்வரை என்று மருத்துவ ஏடுகளில் சொல்லப்படுகிறது. அவற்றில் பல சிறு திருத்தம்தான் என்றாலும், அந்த எண்ணிக்கையில் நீங்களும் ஒருவராக இருக்கலாம் என்று தெரிந்தே போங்கள். அந்தத் திருத்தத்துக்கும் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, நடுச்சுவரில் ஓட்டை, இரு பக்கமும் சமமில்லாமல் போவது, மயக்க மருந்தின் சிக்கல் என்று மற்ற ஆபத்துகளும் உண்டு. அரிதானவை என்பதற்காக அவற்றைச் சொல்லாமல் விடுகிற சர்ஜனைவிட, உட்கார வைத்துச் சொல்கிற சர்ஜனை நம்பலாம். வீட்டுக்குப் போன பின் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ, மூக்கின் உள்ளே விண்விண்ணென்று தெறித்து அடைப்பு திடீரென்று கூடினாலோ, தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகினாலோ உடனே போன் செய்ய வேண்டும்.

போவதற்கு முன் உங்கள் பக்கம் சில வேலைகள் இருக்கின்றன. புகைப்பழக்கம் இருந்தால் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்துங்கள், நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோல் ஆறுவதைக் கெடுக்கும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, மூலிகை மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. எதெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து வேறு நோய்க்காகச் சாப்பிடுகிற மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

சர்ஜனிடம் என்ன கேட்பது? உங்களைப் போன்ற தோலும் மேடும் உள்ளவர்களின் முன்-பின் படங்களைக் கேளுங்கள். ‘பின்’ படம் ஒரு வருடம் கழித்து எடுத்ததா என்றும் கேளுங்கள், ஏனென்றால் மூன்றாம் மாதப் படம் எதையும் நிரூபிக்காது. என் மூச்சை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், திருத்தம் வேண்டியிருந்தால் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நான் நோயாளியாகப் போனால் இன்னொன்றும் கேட்பேன்: என் மூக்கில் நீங்கள் எதைச் செய்ய மாட்டீர்கள்? எல்லாம் செய்யலாம் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

அம்மா விஷயம். மூக்கினால் வருகிற கூச்சம் ஆபரேஷனுக்கு ஒரு காரணமா என்ற வாதம் பழையது. 1898-ல் பெர்லினில் ஜாக் ஜோசஃப் என்ற மருத்துவர், தன் பெரிய மூக்கால் நாலு பேர் நடுவே போகவே கூச்சப்பட்ட ஒருவருக்கு அதைச் சிறிதாக்கிவிட்டு, மனத்துயரும் சிகிச்சைக்கு உரிய காரணமே என்று சக மருத்துவர்கள் முன் வாதாடினார். உங்கள் ஆசையில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூக்கைப் பற்றிய நினைப்பாகவே போகிறதா? ஆட்களைத் தவிர்க்கிறீர்களா, கண்ணாடியைத் தேடித் தேடிப் பார்க்கிறீர்களா? ஆம் என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த மாதிரித் துயரம் ஆபரேஷனால் தீர்வதில்லை, பெரும்பாலும் வேறொரு குறைக்குத் தாவிவிடும். அப்படி இல்லை, மேடு இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்ற அளவில்தான் எண்ணம் என்றால், அம்மாவையும் சர்ஜனிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அடைப்பைப் பற்றி அவருக்குத் தெரியுமா?

கடைசியாகக் கண்ணாடி. எலும்பை நகர்த்தியிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் மூக்கின்மேல் கண்ணாடி உட்காரக் கூடாது, அழுத்தி உருவத்தைக் கெடுத்துவிடும். கட்டு இருக்கிற முதல் வாரம் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். அப்புறம் நெற்றியில் டேப் போட்டுத் தொங்கவிடலாம், பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளுமானால் அதுதான் வசதி. ஆனால் ஆபரேஷன் தேதிக்குச் சில வாரம் முன்பே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும்போது முதல்முறையாக லென்ஸ் போடக் கற்றுக்கொள்வது பெரிய அவஸ்தை.